தையல் கடையை நூலகமாக மாற்றினேன்: நீங்களும் ஒன்று தொடங்க, படிப்படியாக

காரிமங்கலத்தில் 19 வருடம் ரவிக்கை தைத்தேன். 46 வயதில் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது, மெஷினுக்கு மோட்டார் போட்டுப் பார்த்தேன், அப்புறம் கழுத்தும் சேர்ந்துகொண்டது. கடை எங்கள் வீட்டின் முன்னறைதான், வாடகை கிடையாது, வீட்டுக்காரர் சம்பளத்தில் சாப்பாட்டுக்குக் குறையில்லை (இது இல்லாதவர்கள் வருமானத்துக்கு வேறு வழி பார்த்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும், நூலகம் ஒரு ரூபாய்கூடத் தராது). ஷட்டரை இழுத்துவிட்டு டிவி முன்னால் உட்கார மனசு வரவில்லை. இப்போது அதே அறையில் ஏறக்குறைய 900 புத்தகங்கள், மூன்று ராக்குகள், ஒரு பாய். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. முதலில் அரசு நூலகத்துக்குப் போங்கள்

புத்தகம் சேர்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்ந்தே போகிறது, அதனால் அது நம்முடைய இடம்தான், கூச்சப்பட வேண்டாம். நூலகரிடம் பேசுங்கள், யார் வருகிறார்கள், யார் வருவதே இல்லை என்று கேளுங்கள். என் கணக்கில் வராதவர்கள் இரண்டு வகை: சின்னப் பிள்ளைகள், வீட்டு வேலையை முடிக்கவே மதியம் ஆகிவிடும் பெண்கள். கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு நான் கட்டாயம் திறப்பேன். போட்டி எதற்கு, அவர்கள் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

2. ராக்

பழைய இரும்பு ஆங்கிள் ராக் வாங்குங்கள், மர அலமாரி வேண்டாம். மூன்றடி அகலம், ஐந்து தட்டு இருந்தால் சுமார் 400 புத்தகம் பிடிக்கும். சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நான் விடவில்லை. முதல் மழைக்காலம் முடிந்து கீழ்த்தட்டில் கை வைத்தால் புத்தகம் மேலே நன்றாக இருக்கிறது, உள்ளே பொருபொருவென்று மண். முப்பதுக்கு மேல் கறையானுக்குப் போயிற்று. இப்போது கீழ்த்தட்டைக் காலியாக விட்டிருக்கிறேன், மற்ற தட்டுகளில் துணியில் முடிந்த வசம்பு. அந்துருண்டை வைக்காதீர்கள், பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளும்.

3. புத்தகம் கேட்பது, அதைவிட முக்கியமாக மறுப்பது

நூலகம் வைக்கிறேன் என்று சொன்ன மறுநாளே வீட்டுக்கு மூட்டை வரும். பரணைக் காலி செய்ய ஊருக்கே ஒரு இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் பழைய பாடத்திட்டத்து கைடுகள், எழுதி முடித்த டைரிகள், ஜோசிய மலர்கள். ஒரு தனியார் பள்ளி ஒரு ஆட்டோ நிறைய அனுப்பியது, அத்தனையும் விடை எழுதி நிரப்பிய ஒர்க் புக். மறுக்க முடியாமல் வாங்கி, இரண்டு நாள் பிரித்து, பழைய பேப்பர் கடைக்கு நானே ஆட்டோ வைத்து அனுப்பினேன். அதிலிருந்து வாசலிலேயே மூட்டையைப் பிரித்து, என் பிள்ளைக்கு இதைக் கொடுப்பேனா என்று பார்த்துத்தான் எடுக்கிறேன். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. போகட்டும்.

காசு போட்டு வாங்குவதாக இருந்தால் பிள்ளைகளுக்கான படக்கதைகளை முதலில் வாங்குங்கள், நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் மலிவுப் பதிப்புகளை அடுத்து. பிறகு 6 முதல் 10 வரை சமச்சீர்ப் பாடநூல் ஒவ்வொரு செட். இது எதற்கு என்று நினைப்பீர்கள். குரூப் 4-க்குப் படிக்கிற பெண்கள் வந்து உட்காருவது இதற்காகத்தான், அவர்களோடு தம்பி தங்கைகளும் வந்துவிடுவார்கள்.

4. நோட்டு

கம்ப்யூட்டர் வேண்டாம், ஆயிரம் புத்தகம் வரை ஒரு நீள நோட்டு தாங்கும். வரிசை எண், தலைப்பு, எழுதியவர், யார் கொடுத்தது, தேதி. அதே எண்ணைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும், எல்லாப் புத்தகத்திலும் ஒரே உள்பக்கத்திலும் (என்னுடையது 21) எழுதி முத்திரை குத்துங்கள். முதல் பக்கம் கிழிந்தாலும் நம்முடையது என்று தெரியும். கொடுத்து வாங்க இன்னொரு நோட்டு. இதற்கு என் பழைய அளவு நோட்டின் முறையையே வைத்துக்கொண்டேன், ஒரு ஆளுக்கு ஒரு பக்கம், மார்புச் சுற்று இருந்த இடத்தில் புத்தக எண், அவ்வளவுதான்.

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டுப் பிரிக்கிற டியூவி பகுப்பு 1876-லிருந்து இருக்கிறது, பெரிய நூலகத்துக்கு அது வேண்டும். நமக்கு முதுகில் ஒரு வண்ணத் துணி போதும்: பிள்ளைகள் கதை மஞ்சள், நாவல் சிவப்பு, பரீட்சை நீலம். எலக்ட்ரிக்கல் டேப் ஒட்டாதீர்கள், சித்திரை வெயிலில் பசை கசிந்து பக்கத்துப் புத்தகத்தோடு ஒட்டிக்கொள்ளும். மைதா பசைக்குக் கரப்பான் வரும். வெட்டுத்துணியும் ஃபெவிகாலும் நல்ல ஜோடி.

5. கிழிந்ததைத் தைப்பது

செல்லோடேப் வேண்டவே வேண்டாம், இரண்டு வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும். கம் பைண்டிங் விட்ட புத்தகத்தின் பக்கங்களை மேசையில் தட்டிச் சமமாக்கி, முதுகிலிருந்து கால் அங்குலம் உள்ளே மூன்று துளை போடுங்கள், கோணூசியும் சின்னச் சுத்தியலும் போதும். மெழுகு தேய்த்த இரட்டை நூலை நடுத்துளையில் பின்பக்கத்திலிருந்து விட்டு, மேலே போய், கீழே வந்து, திரும்ப நடுவுக்கே வந்து முடிச்சிடுங்கள். ரொம்ப இழுக்காதீர்கள், தாள் அறுந்துவிடும். அதன் மேல் அட்டையை ஒட்டி, செங்கல் பாரம் வைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

6. கொடுங்கள்

ஆரம்பத்தில் 100 ரூபாய் டெபாசிட் வாங்கினேன், மூன்று மாதத்தில் 11 பேர்தான் சேர்ந்தார்கள். எடுத்துவிட்டேன். நூலகத் துறை அறிஞர், சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவதே புத்தகம் பயன்படுத்தவே என்பதுதான். அபராதமும் கிடையாது. தவணை இரண்டு சந்தை. இங்கே செவ்வாய்க்கிழமை சந்தை கூடும், சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் எப்படியும் வருவார்கள், 14 நாள் என்றால் மறந்துவிடுவார்கள், "அடுத்த சந்தை விட்டு அதுக்கடுத்த சந்தை" என்றால் மறக்க மாட்டார்கள். வருடத்துக்கு 30, 40 புத்தகம் திரும்பாது. நான் தேடிப் போவதில்லை.

7. பணம்

சொந்த அறையில் சொந்தப் புத்தகத்தை இரவல் கொடுக்கப் பதிவு எதுவும் தேவையில்லை. பலரிடம் நன்கொடை வாங்கத் தொடங்கினால் மட்டும் டிரஸ்ட் பத்திரம் பதியுங்கள், அல்லது ஏழு பேர் சேர்ந்து 1975-ஆம் வருடச் சட்டப்படி சங்கமாகப் பதியுங்கள். வெளிநாட்டுப் பணத்துக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும், அந்தப் பக்கமே போகாதீர்கள். நான் பணமே வாங்குவதில்லை, கேட்டால் ஒரு டியூப் லைட் வாங்கித் தரச் சொல்வேன்.

8. நேரம்

நாலரையிலிருந்து ஏழரை என்று எழுதிப் போட்டால் நாலரைக்கு ஷட்டர் மேலே இருக்க வேண்டும். ஒரு நாள் பூட்டியிருந்து திரும்பிப் போன பிள்ளை ஒரு மாதம் எட்டிப் பார்க்காது. முதல் ஆறு வாரம் எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு பேர், மூன்று பேர், சில நாள் யாருமே இல்லை. ஆடி மாதத்தில் துணி வராமல் கடையில் ஈ ஓட்டிப் பழகியவள் என்பதால் சமாளித்தேன். உங்களுக்குக் கல்யாணம் கருமாதி வரும், காய்ச்சல் வரும், அதனால் இரண்டாவது சாவியைத் தொடங்கும் அன்றே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். என்னுடையது எதிர்வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண்ணிடம் இருக்கிறது. போன மாதம் மகளைப் பார்க்க ஓசூர் போய் நாலு நாள் தங்கிவிட்டேன், வந்து நோட்டைத் திறந்தால் 17 புத்தகம் வெளியே போயிருந்தது, அதில் மூன்று பேர் எனக்குத் தெரியாதவர்கள்.