துபாயில் ரெண்டு வருஷம்: அறை, சொதி, வாரக் கடைசி

“ரெண்டு வருஷந்தானே, பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓட்டிரலாம்” என்று சொல்லிக்கொண்டுதான் மேலப்பாளையத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வள்ளியூர்ப் பக்கமிருந்தும் பிள்ளைகள் துபாய்க்கும் சார்ஜாவுக்கும் விமானம் ஏறுகிறார்கள். பல்லைக் கடிப்பது ஆறு மாதம் தாங்கும். அதன்பிறகு தூக்கம் கெடும், மெஸ் சாப்பாடு கசக்கும், வீட்டுக்குப் பேசும்போது காரணமில்லாமல் எரிச்சல் வரும். இரண்டு வருட விசா என்றால் 730 நாள். அதை நல்லபடியாக வாழப் பெரிய சம்பளம் தேவையில்லை. முதல் மாதத்திலேயே சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டால் போதும்.

பெட்டி கட்டும்போது

முதலில் கசகசா. அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வரும். தனியாக எடுத்துப் போகாவிட்டாலும், வீட்டில் அரைத்த கறிமசாலாப் பொடியில் அது சேர்ந்திருக்கும். அதனால் பயணத்துக்கான பொடியைக் கசகசா இல்லாமல் தனியாக அரைக்கச் சொல்லுங்கள். டிரமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகளும் கட்டுப்பாட்டில் உள்ளவை. முன் அனுமதியும் மருத்துவர் சீட்டும் இல்லாமல் பெட்டியில் வைக்காதீர்கள். கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அதன் எண்ணெய்ச் சத்து தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது.

கொண்டுபோக வேண்டியவை: எள்ளு வறுத்துச் சேர்த்த இட்லிப்பொடி, சுக்கு, ஒரு கிலோ உடன்குடிக் கருப்பட்டி, இரண்டு சாரம் (லுங்கி), பத்தமடைக் கோரைப்பாய் ஒன்று. கருப்பட்டி ஈரத்தை இழுத்துக் கசியும், ஆகவே இரண்டு உறை போட்டுக் கட்டுங்கள். பாயை வீண் சுமை என்று நினைக்க வேண்டாம். அறையில் தரைவிரிப்பாகவும், குளிர்காலத்தில் பூங்காவில் விரிக்கவும் அது போல வேறொன்று கிடையாது.

மிக்சி கொண்டுபோனால் மின்சாரம் அதே 230 வோல்ட்தான், ஆனால் அங்குள்ள பிளக்குக்கு மூன்று சதுரக் கால். பலரும் மலிவான அடாப்டரைச் செருகி 750 வாட் மிக்சியை ஓட்டுவார்கள். உள்ளே தொடர்பு தளர்வாக இருக்கும், அந்த இடம் சூடேறிப் பிளாஸ்டிக் உருகும். 13 ஆம்பியர் பிளக் ஒன்றை வாங்கி, பழைய பிளக்கை வெட்டிவிட்டு இதையே மாட்டிவிடுங்கள்.

அறையும் தண்ணீரும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கும். பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே கை சுடும். அப்போது ஹீட்டரை அணைத்துவிட்டுச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து குளிக்க வேண்டும். ஹீட்டரின் கலன் வீட்டுக்குள், ஏசி படுகிற இடத்தில் இருப்பதால் அதில் தேங்கிய தண்ணீர் ஆறிப்போயிருக்கும். 50 லிட்டர்க் கலனில் ஆளுக்கு ஒரு வாளி என்று மூன்று பேர் தாராளமாகக் குளிக்கலாம். காலியானதும் மாடித் தொட்டியின் சூட்டுத்தண்ணீர் இறங்கிவிடும், மறுபடி ஆறப் பல மணி நேரம் ஆகும். அதனால் பாதிப்பேர் காலையிலும் பாதிப்பேர் இரவிலும் என்று முறை வைத்துக்கொள்வது நல்லது.

ஐந்தாறு பேர் சேர்ந்து பொங்கும் அறையில் சண்டை வருவது பெரும்பாலும் கணக்கால்தான். மாதத் தொடக்கத்தில் ஒரே தொகையை எல்லோரும் போட்டு, கடைச்சீட்டுகளை ஒரு நோட்டில் ஒட்டி, தீர்ந்தால் மறுபடி சமமாகப் போடுங்கள். சமைக்காதவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

மாவு, பிறகு சொதி

இட்லி மாவு புளிக்கவில்லை என்பதுதான் அங்கே எல்லோரும் சொல்லும் குறை. 22 டிகிரி ஏசி அறையில் மாவு பொங்காது. ஏசி இல்லாத அடுப்படியில் வையுங்கள். கோடையில் அங்கே ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும், பாத்திரத்தில் பாதிக்குமேல் நிரப்பினால் வழிந்துவிடும். ராத்திரி அரைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் புளிச்ச மாவுதான். டிசம்பர், ஜனவரியில் 12 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஓவன் இருந்தால் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைக்கலாம். நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். மிக்சியில் உளுந்து சூடேறினால் நுரை கட்டாமல் இட்லி கல்லாகிவிடும். ஐஸ் தண்ணீர் தெளித்து, விட்டு விட்டு அரையுங்கள்.

மாதம் ஒருமுறையாவது சொதி வையுங்கள். நம் நெல்லைப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற குழம்பு இது. அறையில் ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட இதைவிடப் பொருத்தமானது இல்லை. 400 மில்லி டின் தேங்காய்ப்பால் ஒன்று போதும். பாதியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், இது முதல் பால். மீதிப் பாதியில் இரண்டு கப் தண்ணீர் கலந்தால் அது இரண்டாம் பால். அரை கப் பாசிப்பருப்பைக் குழைய வேகவையுங்கள். 15 சின்ன உள்ளி (வெங்காயம்), எட்டுப் பல் பூண்டு, கறிவேப்பிலையை எண்ணெயில் வதக்கி, ஒரு முருங்கைக்காய், இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு கேரட், ஒரு கை பீன்ஸ், பட்டாணியை இரண்டாம் பாலில் வேகவிடுங்கள். காய் முக்கால் வெந்ததும் ஆறு பச்சைமிளகாயும் ஒரு துண்டு இஞ்சியும் அரைத்த விழுது, பருப்பு, உப்பு. தீயைக் குறைத்துவிட்டு முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடுங்கள். கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் தனியாகப் பிரியும். எலுமிச்சைச் சாற்றையும் அடுப்பில் வைத்து ஊற்றக் கூடாது; இறக்கி ஐந்து நிமிடம் ஆறிய பிறகு அரைப் பழம் பிழியலாம். மஞ்சள்தூள் வேண்டாம், சொதி வெள்ளையாக இருக்க வேண்டும். இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டாயம்.

மீன் சந்தையில் பெயர்கள் மாறும். ஹமூர் என்பது நம் களவா, ஷாரி என்பது விளமீன், கிங்ஃபிஷ் என்பது சீலா, அதாவது வஞ்சிரம்.

ஊரோடு பேசும் நேரம்

ஊரைவிட அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால். வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு ஒன்பது மணிக்கு அழைத்தால் ஊரில் பத்தரை; தூக்கக் கலக்கத்தில் பேசுகிற பேச்சு யாருக்கும் நிறைவு தராது. விடியற்காலை 5:45-க்கு அழைத்தால் ஊரில் 7:15, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். பத்து நிமிடம் போதும். வாட்ஸ்அப்பில் செய்தியும் குரல்பதிவும் போகும், பேசும் அழைப்பு போகாது. பாட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலியை ஊரிலேயே எல்லோருடைய போனிலும் ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

வாரத்தில் ஒருநாள் வெளியே

அரசு அலுவலகங்களுக்கு 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறை. தனியார் நிறுவனங்களில் ஆளுக்கு ஒரு மாதிரி. எந்த நாள் கிடைத்தாலும் அன்று மாலை அறையில் படுத்துக் கிடக்காதீர்கள். எங்கள் அனுபவத்தில் மனசு சோர்ந்துபோகிறவர்கள் பெரும்பாலும் விடுமுறை நாளில்தான் சோர்கிறார்கள். எல்லாச் சம்பளத்தையும் ஊருக்கு அனுப்பாமல், 100 திர்ஹம் போலத் தனியாக எடுத்து வையுங்கள்.

அதில் நிறைய செய்யலாம். மெட்ரோவில் அல் குபைபா நிலையத்தில் இறங்கி நடந்தால் துபாய்க் கழி. அப்ரா படகில் அக்கரை தேராவுக்குப் போக 1 திர்ஹம்தான், கையில் சில்லறை இருக்கட்டும். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு அந்தச் சிறு பயணத்துக்கு ஈடு இணை இல்லை: பக்கவாட்டில் உட்கார்ந்தால் தண்ணீர் காலடியில் ஓடும், டீசல் வாசனையோடு உப்புக்காற்று, எதிர்க்கரையில் இறங்கியதும் பட்டை, கிராம்பு, உலர்ந்த எலுமிச்சை மூட்டை மூட்டையாக. மெட்ரோவுக்குள் மட்டும் எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது, 100 திர்ஹம் அபராதம். மம்சார், கிரீக் பூங்காக்களுக்கு நுழைவு 5 திர்ஹம்; நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே போகலாம். பத்தமடைப் பாயும் ஒரு பிளாஸ்க் கருப்பட்டிக் காப்பியும் எடுத்துப் போங்கள்.

பக்கத்து அறைக்காரருக்கும் மேஸ்திரிக்கும் நெல்லை அல்வா கொடுத்துப் பாருங்கள். அல்வா என்ற சொல்லே அரபியிலிருந்து வந்ததுதான். ஓமான்காரர்களின் அல்வாவும் நெய் மினுங்க நம்முடையது போலவே இருக்கும், ஆனால் அதில் கோதுமைப்பாலுக்குப் பதில் மாச்சத்தும் குங்குமப்பூவும் பன்னீரும் சேரும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் பேச்சு தானாக வளரும். ரமலானில் வேலை நேரம் நாளுக்கு 2 மணி குறையும். பகலில் நோன்பு இல்லாதவர்களும் வெளியிடத்தில் உண்பதைத் தவிர்க்க வேண்டும். பல பள்ளிவாசல்களில் நோன்பு திறக்கும் உணவை யார் போனாலும் தருவார்கள். நோன்புக் கஞ்சி குடித்துப் பழகியவர்களுக்கு கோதுமையும் இறைச்சியும் குழைத்த ஹரீஸ் உடனே பிடிக்கும்.

ஓராண்டு முடிந்தால் 30 நாள் விடுப்பு உண்டு. அங்கே பள்ளி விடுமுறையான ஜூலை, ஆகஸ்டில் டிக்கெட் விலை ஏறிவிடும். செப்டம்பரில் வந்தால் குறையும், குற்றாலத்தில் தண்ணீரும் பெரும்பாலும் விழும். திருவனந்தபுரத்தில் இறங்கிச் செங்கோட்டை வழியாக வந்தால் வீடு சேருமுன்பே ஒரு குளியல் போட்டுவிடலாம்.

முடித்துக்கொண்டு திரும்பும்போது மிக்சியை மட்டும் சுமந்து வராதீர்கள். அதன் பிளக் இங்கே எந்த ஓட்டையிலும் சேராது. அறைக்குப் புதிதாக வரும் பிள்ளையிடம் மாவு அளவையும் ஹீட்டர் முறையையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, பாயோடு சேர்த்து அங்கேயே விட்டு வாருங்கள்.