திரிந்த சீஸைச் சரிசெய்த விதம்
என் மாமியார் ரோம்காரர். அவர் செய்யும் காச்சோ ஏ பெப்பே என்ற பாஸ்தாவில் ஸ்பகெட்டி, பெகொரினோ சீஸ், மிளகு அவ்வளவுதான், எல்லாமே கண்ணளவு. அவர் ஊரில் இல்லாத அன்று நான் செய்தேன். கொதிக்கும் தண்ணீரைச் சீஸில் ஊற்றியதும் பால் திரிந்தது போலக் கட்டிகட்டியாகிவிட்டது. சூடு மிஞ்சினால் சீஸின் புரதம் இறுகிவிடும்.

சரி, 100 கிராம் சீஸை வீணாக்க மனம் வரவில்லை. கட்டிகளை மிக்ஸியில் போட்டு, பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீரை வெதுவெதுப்பாக ஆறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரைத்தேன். குழைவாக வந்தது, சிறு குருணை மட்டும் தங்கியது. அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு ஸ்பகெட்டியோடு பிரட்டினேன்.

அந்தக் கஞ்சியின் மாவுச்சத்துதான் சீஸைக் கட்டிபிடிக்க விடாமல் காக்கிறது. இப்போதெல்லாம் 200 கிராம் ஸ்பகெட்டிக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான் வைக்கிறேன்; கஞ்சி கெட்டியாகக் கிடைக்கிறது.