லெவல் கிராசிங் அறிக்கை திரும்பி வந்தால் முதலில் எண்ணைப் பாருங்கள்

அமெரிக்காவில் ஒரு சிறு ரயில் நிறுவனத்தில் சிக்னல் பராமரிப்பு என் வேலை. ரயில் வந்து சேர்வதற்குக் குறைந்தது 20 விநாடி முன்பே கிராசிங் விளக்குகள் எரிய வேண்டும். எரியாவிட்டால் 15 நாளுக்குள் கூட்டாட்சி ரயில்வே நிர்வாகத்துக்கு 6180.83 படிவம் போக வேண்டும். போன மாதம் அப்படி ஒரு கோளாறு. நான் அனுப்பிய படிவம் "கிராசிங் எண் பொருந்தவில்லை" என்று திரும்பி வந்தது. கெடு ஓடிக்கொண்டிருந்தது.

தேதி, மைல் கணக்கு, மாவட்டப் பெயர் எல்லாம் திருத்திப் பார்த்தேன். பலனில்லை. சிக்னல் கருவிகள் இருக்கும் ரிலே அறைக் கதவில் எழுதியிருந்த எண்ணும் நான் எழுதியதும் ஒன்றுதான். பழைய பராமரிப்புப் பதிவேட்டிலும் அதே எண்.

கடைசியில் கிராசிங்குக்கே போனேன். அவசரத் தொலைபேசி எண்ணும் கிராசிங் எண்ணும் போட்ட நீலப் பலகை சாலையின் இரு பக்கமும் இருக்கும். மேற்குப் பலகை வெயிலில் வெளுத்து, கிராசிங் எண்ணில் ஆறு இலக்கத்துக்குப் பின்வரும் ஆங்கில எழுத்து 'சி' (C) போலத் தெரிந்தது. கிழக்குப் பலகையில் அது தெளிவாக 'ஜி' (G). வெளுத்த பலகையைப் பார்த்துத்தான் யாரோ கதவில் எழுதியிருக்கிறார்கள்.

அந்த எழுத்து அலங்காரத்துக்கு இல்லை. முன்னால் உள்ள ஆறு இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு எழுத்து அது; ஒன்று மாறினாலும் எண் செல்லாது. தேசிய கிராசிங் பட்டியலில் சாலைப் பெயரை வைத்துத் தேடினேன், அங்கும் 'ஜி'தான். திருத்தி அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள், கெடுவுக்குள்ளேயே. பெரிய நிம்மதி. மேற்குப் பலகையை மாற்றச் சொல்லிவிட்டேன். விபத்து நேரத்தில் பொதுமக்கள் போனில் படித்துச் சொல்லப்போவது அதே எண்ணைத்தான்.