விண்டோஸ் திறந்ததும் பிழைச் செய்தியா? கேட்ட ஃபைலைத் தேடி ஓடாதீர்கள்

பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் பல மாதங்களாக ஒரே கூத்து. விண்டோஸ் வந்ததும் 'ரன்டிஎல்எல்' என்ற தலைப்போடு திரை நடுவே ஒரு சின்னப் பெட்டி எழும்பும். இன்ன மாட்யூலைக் காணவில்லை என்று சொல்லும். அவர் ஓகே கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. யாரோ சொன்னார்கள் என்று, காணாமல் போன அந்த டிஎல்எல் ஃபைலை (புரோகிராம்கள் பயன்படுத்தும் துணை ஃபைல்; பெட்டி சொல்லும் மாட்யூல் அதுதான்) ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி, விண்டோஸின் சொந்த ஃபைல்கள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டுவிட்டார். பெட்டி வருவது நின்றது. ப்ரௌசரைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வர ஆரம்பித்தது.

ஃபைலைக் காணோம் என்றால் கொண்டுவந்து வைத்தால் போதும் என்று நினைப்பதுதான் இதில் பெரிய தவறு. ரன்டிஎல்எல் பெட்டி வந்தால் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: ஒரு புரோகிராமை நீக்கியிருப்போம், அல்லது ஆன்டிவைரஸ் ஒரு வைரஸைத் தூக்கியிருக்கும். ஆள் வீட்டைக் காலி செய்துவிட்டான். 'காலையில் இவனை எழுப்பு' என்ற குறிப்பு மட்டும் விண்டோஸிடம் மிச்சம். அதுவும் தினமும் கதவைத் தட்டிவிட்டு ஆளில்லை என்கிறது. கிழிக்க வேண்டியது அந்தக் குறிப்பை. பெரியப்பாவோ காலி வீட்டில் இன்னொருவனைக் குடிவைத்துவிட்டார்.

முதலில் பெட்டியை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'ஏதோ எரர் வந்துச்சு' என்றால் யாராலும் உதவ முடியாது. அந்த ஃபைல் பெயர்தான் துப்பு. அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் விண்டோஸோடு சேர்ந்து தானாகத் தொடங்குகிறவற்றைக் காட்டும் ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள். அந்தக் குறிப்பு அங்கே இல்லையென்றால், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒளிந்திருக்கலாம். பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் என்ற புரோகிராம் இரண்டு இடத்தையும் ஒன்றாகவே காட்டும். ஃபைல் இல்லாத வரிகள் மஞ்சளாகத் தெரியும். மஞ்சளையெல்லாம் அள்ளிப் போட வேண்டாம். உங்கள் படத்தில் உள்ள பெயர் எந்த வரியில் இருக்கிறதோ அதன் டிக்கை மட்டும் எடுங்கள். டெலீட் இப்போதைக்கு வேண்டாம். தப்பாகிவிட்டால் டிக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

உண்மையிலேயே ஃபைல் தேவைப்படும் நேரமும் உண்டு. 'விசிரன்டைம்140' காணோம் என்றால், அது இருக்கும் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிப் போடுங்கள். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும், கேட்கிற புரோகிராம் 32 பிட்டாக இருந்தால் எக்ஸ்86 தொகுப்புதான் வேலைக்கு ஆகும். எக்ஸ்86, எக்ஸ்64 (64 பிட்டுக்கானது) இரண்டையும் போட்டுவிடுவது நல்லது.

விண்டோஸின் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள்? வேண்டவே வேண்டாம். ஒரு முள்ளை எடுக்கக் காலையே வெட்டுகிற கதை. செய்தியில் போன் நம்பர் இருந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் போன் நம்பர் இருக்காது.

விண்டோஸ் வருவதற்கு முன்பே கருப்புத் திரையில் வரும் செய்திகள் வேறு ஜாதி. 'நோ பூட்டபிள் டிவைஸ்' (விண்டோஸைத் தொடங்க ஏற்ற டிஸ்க் கிடைக்கவில்லை) என்று பார்த்ததும் ஃபார்மட் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். முதலில் செருகிவைத்த பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்து பாருங்கள். தேதி பழைய வருடத்துக்குத் தாவி 'சிமாஸ்' (தேதியையும் அடிப்படை அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்கும் பகுதி) பற்றி ஏதாவது சொன்னால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். புதிதாக ஒன்று வாங்கிப் போடலாம்.

'ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட்' என்று வந்தால் மட்டும் விளையாடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் தன் உயிர் ஊசலாடுகிறது என்று தானே சொல்லும் செய்தி அது. கீழே 'எஃப்1 அழுத்தித் தொடரவும்' என்று இருப்பதால் தினமும் அழுத்தித் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் சரிசெய்கிறேன் என்று, டிஸ்க் பிழைகளைத் தேடும் விண்டோஸின் செக்டிஸ்க்கை '/r' சேர்த்து ஓடவிடுவார்கள். அது முனை முதல் முனைவரை டிஸ்க்கைத் துருவும். சாகக் கிடப்பதை மாடி ஏறச் சொல்வது மாதிரி. முதலில் இன்னொரு டிஸ்க்கை மாட்டிக் கல்யாண போட்டோக்களையும் பத்திர ஸ்கேன்களையும் காப்பி செய்யுங்கள். அது முடிகிறவரை கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம்.