மீனின் நடுமுள்ளை முழுசாக எடுப்பது எப்படி?

மீன், தவளை, பாம்பு, கோழி, மாடு எல்லாவற்றுக்கும் முதுகெலும்பு உண்டு. அது வேலை செய்யும் விதம் படத்தில் விளங்காது; ஒரு கானாங்கெளுத்தியைப் பிரித்தால் விளங்கும். மத்தி வேண்டாம், முள் மெலிசு. கடையில் "துண்டு போடாதீங்க, குடலை மட்டும் எடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

1. இட்லிப் பானையில் 6–8 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். பலரும் சொதப்புவது இங்கேதான். குழம்பு மாதிரி கொதிக்கவிட்டால், முதுகெலும்பின் கணுக்களை (தனித்தனி எலும்புத் துண்டுகளை) கட்டிவைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் ஜெலட்டினாகக் கரைந்து நடுமுள் துண்டு துண்டாகக் கழன்றுவிடும்.

2. பழைய பல் துலக்கும் பிரஷால், தலையிலிருந்து வால் பக்கமாகச் சதையைத் தள்ளுங்கள். கத்தி வேண்டவே வேண்டாம், விலா முள் போய்விடும்.

3. என்சைம் (சதையைக் கரைக்கும் நொதி) உள்ள சலவைத்தூள் ஒரு ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டர். ஊறட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். ராத்திரி முழுக்க விட்டால் இணைப்புகளும் கரையும்.

4. வெளுக்க, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு 3%. பிளீச்சிங் பவுடர் போட்டால் எலும்பு சுண்ணாம்புபோல் உதிரும். நிழலில் காயவையுங்கள்.

காய்வதற்கு முன் வளைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் தாராளமாக வளையும். மேலும் கீழும் முள்ளுக்கு முள் இடிக்கும். மீன் வாலைப் பக்கவாட்டில் அடிப்பது இதனால்தான். டால்பின் பாலூட்டி, அதன் முதுகு மேலும் கீழும் வளையும், வாலும் படுக்கைவசம்.

ஒரு கணுவைத் தனியே எடுத்தால் அசல் உடுக்கை: இரு முனையும் குழி, நடுவில் இடுப்பு. மேலே உள்ள வளைவுக்குள் தண்டுவடம் ஓடும். வால் பகுதியில் அடியிலும் ஒரு வளைவு, அது ரத்தக்குழாய்க்கு.

கணுக்களை எண்ணினால் 31 வரவேண்டும். 30 வந்தால், வால் துடுப்பைத் தாங்கும் முக்கோணத் தகட்டை விட்டிருப்பீர்கள். அதுவும் கணக்கில் சேரும்.

பிற்சேர்க்கை: "கணவாய்க்குள்ளும் வெள்ளையாக ஒன்று இருக்கிறதே?" அது எலும்பல்ல, உள்ளே போன ஓடு, நாட்டுமருந்துக் கடையின் கடல்நுரை. வினிகரில் போட்டால் பொங்கும், கால்சியம் கார்பனேட். கோழி எலும்பு அப்படிப் பொங்காது. சில நாளில் ரப்பராக வளையும். சுறாவுக்கோ முழுக்கக் குருத்தெலும்பு, ஆனாலும் முதுகெலும்பிதான்.