விக்டோரியா காலத்து மருந்து விளம்பரத்தை வாசிக்கும் முறை

பழைய ஆங்கில நாளேடுகளின் மின்படிகளைப் புரட்டுகிறவர்கள், எந்தச் செய்தியைத் தேடிப் போனாலும், வழியில் ஒரு மாத்திரை விளம்பரத்தில் இடறாமல் திரும்புவதில்லை. பித்தம், தலைச்சுற்றல், தூக்கமின்மை, பசியின்மை என்று நோய்களின் பட்டியல் நீளும். அதன் கீழே, குணமடைந்த யாரோ ஒருவர் எழுதிய நன்றிக் கடிதம் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவது எளிது. ஆனால் அந்தக் காலத்தைப் பற்றி எழுத முனைகிறவருக்கு அது நல்ல மூல ஆவணம். மருந்து குணப்படுத்தியதா என்று அதனிடம் கேட்டால் உருப்படியான பதில் வராது. எந்தப் பயத்தை வைத்து, என்ன விலைக்கு, யாருடைய பெயரைச் சொல்லி விற்றார்கள் என்று கேட்டால் அது தாராளமாகப் பேசும்.

வாசிப்பை விலையிலிருந்து தொடங்குங்கள். பிரிட்டனில் வெளியான விளம்பரமானால் ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்ஸ், இரண்டு ஷில்லிங் ஒன்பது பென்ஸ் என்ற இரண்டு விலைகள் அடிக்கடி கண்ணில் படும். இந்த ஒட்டு விலைக்குக் காரணம் வரி. 1783இல் கொண்டுவரப்பட்டு 1812இல் திருத்தப்பட்ட மருந்து முத்திரைச் சட்டத்தின்படி, ஒரு ஷில்லிங் வரை விலையுள்ள மருந்துக்கு ஒன்றரைப் பென்ஸும், அரைக் கிரவுன், அதாவது இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ், வரை விலையுள்ளதற்கு மூன்று பென்ஸும் கட்ட வேண்டும். கட்டியதற்கு அடையாளமாக அரசு முத்திரைச் சீட்டு பெட்டியின் மேல் ஒட்டப்படும். வரி ரசீது என்பதற்கு மேல் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. ஆயினும் கடையில் நிற்கும் ஏழைக் குடியானவர் அதை அரசாங்கமே கொடுத்த உத்தரவாதமாக எடுத்துக்கொண்டார். விற்றவர்களும் 'அரசு முத்திரையில் எங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்' என்று எழுதி அந்த மயக்கத்தைக் கலையாமல் பார்த்துக்கொண்டார்கள். அரசு உத்தரவாதம் எதுவும் இல்லை என்று முத்திரையிலேயே அச்சிட வேண்டிய நிலை பின்னாளில் வந்தது. இந்த விளம்பரங்களைப் படிக்கத் தொடங்கிய நாட்களில் நானும் அந்த முத்திரை வாசகத்தைப் படித்து ஏமாந்தவன்தான்.

'பேட்டன்ட் மருந்து' என்ற பெயரும் இதே வகை. காப்புரிமை வேண்டுமானால் உட்பொருட்களை வெளியே சொல்லியாக வேண்டும். சொன்னால் வியாபாரம் போய்விடும். ஆகவே இவற்றில் பெரும்பாலானவை காப்புரிமை பெறாதவை. வணிகப் பெயரையும் ரகசியத்தையும் மட்டும் காத்துக்கொண்டவை. கூடவே ஆண்டையும் கவனியுங்கள். பிரிட்டனில் விளம்பர வரி 1853இலும் நாளேட்டு முத்திரை வரி 1855இலும் நீக்கப்பட்டன. நாளேடுகள் மலிந்தன, விளம்பரங்கள் பெருகின.

இனி நற்சான்றுக் கடிதங்களுக்கு வருவோம். நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். மாதிரிக்கு, ஹாலோவே மாத்திரை விளம்பரங்களில் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சான ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்ளலாம். தாமஸ் ஹாலோவே 1837இல் லண்டனில் களிம்பு விற்கத் தொடங்கியவர். தொடக்கத்திலேயே மிடில்செக்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஹெர்பர்ட் மேயோவின் பெயரில் ஒரு சான்றை விளம்பரத்தில் போட்டவர். விளம்பரச் செலவால் கடனாளியாகிச் சிறைக்கும் போய் மீண்டவர். பிறகு 1842இல் விளம்பரத்துக்கு 5,000 பவுண்டும், 1883இல் அவர் இறந்தபோது ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 பவுண்டும் செலவிடும் நிறுவனமாக அது வளர்ந்தது. நான் சொல்லும் கடிதம் ஆல்ட்பரோ பிரபு 1845 பிப்ரவரியில் இத்தாலியின் லிவோர்னோவிலிருந்து எழுதியதாக அச்சிடப்பட்டது. தம் கல்லீரல், வயிற்றுக் கோளாறை நாட்டிலும் ஐரோப்பா முழுவதிலும் உள்ள பெரிய மருத்துவர்களால் தீர்க்க முடியவில்லை என்றும், கார்ல்ஸ்பாட், மரியன்பாட் என்ற நீர்ச்சிகிச்சை ஊர்களின் ஊற்று நீராலும் முடியவில்லை என்றும், மாத்திரைகள் முழுமையாகக் குணப்படுத்திவிட்டன என்றும் அவர் சொல்கிறார். குடும்பத்தில் யாருக்காவது தேவைப்படலாம் என்பதால் இன்னொரு பெட்டியும் ஒரு குப்பி களிம்பும் வேண்டும் என்று கேட்டுக் கடிதத்தை முடிக்கிறார்.

இந்தச் சில வரிகளில் எத்தனை வேலை நடந்திருக்கிறது என்று பாருங்கள். பிரபு பட்டம் முதலில் வாசகரை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. ஊற்று நீர்நிலையங்களுக்குப் போகும் வசதி படைத்தவருக்கே கிடைக்காத குணம் ஒரு ஷில்லிங் சொச்சத்துக்குக் கிடைக்கும் என்ற ஆசை அடுத்து எழுகிறது. கைவிட்ட மருத்துவர்கள் மொத்தமாகக் குறிப்பிடப்படுகிறார்கள். ஒருவர் பெயரும் இல்லாததால் மறுப்புக் கூற ஆள் இல்லை. நோய்க்குப் பெயர் கிடையாது. 'கோளாறு' என்ற சொல்லுக்குள் யார் வயிற்று வலியும் அடங்கும். இறுதி வரி, மாத்திரையால் குணமானவர் வாயாலேயே களிம்பையும் விற்றுவிடுகிறது. கையில் எந்தக் கடிதம் கிடைத்தாலும் இந்த ஐந்தையும் தேடுங்கள்: எழுதியவரின் தகுதி, முன்பு தோற்ற சிகிச்சை, நோயின் பெயர், குணமாக எடுத்த காலம், அடுத்துக் கேட்ட பொருள். பிரபு கடிதத்தில் காலம் சொல்லப்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

பிரபு இல்லாத இடத்தில் எண்ணிக்கை அந்த வேலையைச் செய்யும். டு பாரி நிறுவனத்தின் ரெவலென்டா அராபிகா என்ற சத்து மாவு ஐம்பதாயிரம் பேரைக் குணப்படுத்தியதாகச் சொல்லி, ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து அச்சிட்டது. மாவைச் சோதித்தவர்கள் கண்டது அவரைக் குடும்பத்துப் பருப்பு மாவு. நம் வீட்டு மைசூர்ப் பருப்பின் உறவு. அந்தப் பருப்பின் லத்தீன் பெயரில் எழுத்துகளை மாற்றிப் போட்டால் மருந்தின் பெயர் கிடைத்துவிடும். பேரைக் கண்டுபிடித்தவரின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

நீதிமன்றமும் சான்றாகப் பயன்பட்டதுண்டு. இந்தியாவில் படை மருத்துவராக இருந்த ஜே. காலிஸ் பிரவுன் உருவாக்கிய குளோரோடைன் என்ற மருந்தில் அபின், குளோரோஃபார்ம், கஞ்சா ஆகியவை கலந்திருந்தன. போட்டியாளர் ஒருவருடன் நடந்த வழக்கில், பிரவுனே இதைக் கண்டுபிடித்தவர் என்று நீதிபதி பேஜ் வுட் 1864இல் சொன்னதை அந்த நிறுவனம் பல்லாண்டு விளம்பரங்களில் போட்டுக்கொண்டது. தீர்ப்பு, கண்டுபிடித்தவர் யார் என்பதைப் பற்றியது. மருந்தின் குணத்தைப் பற்றியதன்று. மேற்கோள் எதைச் சான்றளிக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பாருங்கள்.

எழுதியவர் உயிரோடிருக்கிறாரா என்று பார்ப்பதும், யாருக்கு எழுதச் சொல்கிறார்கள் என்று பார்ப்பதும் பயன் தரும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் லின் நகரிலிருந்து பெண்களுக்கான மூலிகைக் கலவை விற்ற லிடியா பிங்கம் 1883இல் இறந்துவிட்டார். அதன் பிறகும் பெண்கள் தங்கள் அந்தரங்கக் குறைகளைத் திருமதி பிங்கமுக்கே எழுதலாம் என்று விளம்பரங்கள் அழைத்துக்கொண்டிருந்தன. 1905இல் ஓர் அமெரிக்க மகளிர் இதழ் அவருடைய கல்லறைக் கல்லின் ஒளிப்படத்தை அச்சிட்டது. கூடுதல் விளக்கம் தேவைப்படவில்லை.

எல்லாக் கடிதங்களையும் பொய் என்று தள்ளிவிடுவது புதிய வாசகர்கள் செய்யும் பெரிய தவறு. உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டால் பலர் மனமார எழுதியிருக்கக்கூடும் என்பது புரியும். 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ரகசிய மருந்துகளைச் சோதித்து வெளியிட்ட நூலின்படி, பீச்சம் என்ற வணிகப் பெயரில் விற்ற மாத்திரையில் இருந்தவை கரியபோளம், சுக்குத் தூள், சோப்புத் தூள். கரியபோளம் நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் பேதி மருந்து. மலச்சிக்கலால் தலை கனத்துக் கிடந்தவருக்கு மறுநாள் காலையில் உலகமே தெளிந்திருக்கும். அபின் கலந்தது இருமலையும் பேதியையும் அடக்கும். சாராயம் கலந்தது சோர்வை மறக்கடிக்கும். மற்ற பலருக்கு நோய் தானே விலகியிருக்கும். பீச்சம் பெட்டியில் 56 மாத்திரைகள். மூலப்பொருள் செலவு அரை ஃபார்த்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. வரியை நீக்கிப் பார்த்தாலும் விற்ற விலையான ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்ஸ், அதைப்போல் 96 மடங்கு. அதே பெட்டியை 'ஒரு கினி பெறும்' என்று, அதாவது 21 ஷில்லிங் மதிப்புள்ளதென்று, விளம்பரம் பாராட்டியது.

பரிசு அறிவிக்கும் விளம்பரம் தனி இனம். 1891 நவம்பரில் கார்பாலிக் ஸ்மோக் பால் நிறுவனம், தன் புகை உருண்டையைச் சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃப்ளூயன்ஸா வந்தவருக்கு 100 பவுண்டு தருவதாகவும், அதற்காக வங்கியில் 1,000 பவுண்டு போட்டிருப்பதாகவும் அறிவித்தது. கார்லில் என்ற பெண்மணி வாங்கி நாள்தோறும் மூன்று முறை முகர்ந்தார். 1892 ஜனவரியில் காய்ச்சல் வந்துவிட்டது. விளம்பரம் வெறும் அலங்காரப் பேச்சு என்ற நிறுவனத்தின் வாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. வங்கியில் பணம் போட்டதே அது மெய்யான வாக்குறுதி என்பதைக் காட்டுகிறது என்றது. நம்மூர்ச் சட்டக் கல்லூரிகளில் ஒப்பந்தச் சட்டம் படித்தவர்களுக்கு இந்த வழக்கு மனப்பாடம். பரிசுத் தொகை தென்பட்டால், பணம் எங்கே வைக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறார்கள் என்ற வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் அந்த வரி இருக்காது.

தேடுவதற்கு ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நாளேட்டுத் தொகுப்பு ஆகிய இணையத் தொகுப்புகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. துண்டுப் பிரசுரங்களுக்கு லண்டனிலுள்ள மருத்துவ வரலாற்று நூலகமான வெல்கம் தொகுப்பு நல்லது. விளம்பரத்தின் பொடி எழுத்தை, மின்படியைத் தேடுவதற்காக எழுத்தாக மாற்றும் இயந்திரம் அடிக்கடி தவறாக வாசிக்கும். ஆகவே மருந்தின் பெயரில் கிடைக்காவிட்டால் கடிதத்திலுள்ள ஊரின் பெயரையோ நோயின் பெயரையோ கொடுத்துத் தேடுங்கள். கிடைத்த கடிதத்தை நாளேடு, தேதி, பக்கம் ஆகியவற்றோடு குறித்து வைத்துக்கொண்டு, அதே கடிதம் மற்ற ஊர் நாளேடுகளில் எந்தத் தேதி வரை வருகிறது என்றும், எந்த வரி நடுவில் காணாமல் போகிறது என்றும் ஒப்பிட்டுப் பாருங்கள்.