தெருமுனையையே ஓவியமாக்க

நீர்வண்ணத்தில் வரைய அழகான இடம் தேடி அலைய வேண்டாம், வெளிச்சத்தைத் தேடுங்கள். உச்சிவெயிலில் தட்டையாகத் தெரியும் அதே சுவரும் சைக்கிளும், காலை எட்டு மணிக்கு நீள நிழலோடு படமாகிவிடும்.

ஒரு அட்டையில் 6×8 செ.மீ. சன்னல் வெட்டி, அதன் வழியே பாருங்கள். 30×40 செ.மீ. தாளுக்கும் அதே விகிதம்தான் என்பதால் பார்த்தது அப்படியே தாளில் அடங்கும். பிறகு கண்ணைப் பாதி மூடி, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என மூன்றே தொனியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பென்சில் படம். அதில் எடுபடாத காட்சி பெரிய தாளிலும் எடுபடாது.

சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. அதனால் நிழல்களின் எல்லையை முதலிலேயே கோடிட்டு, பின்னர் நகர்ந்தாலும் மாற்றாதீர்கள். மாற்றினால் ஒரே படத்தில் இரண்டு சூரியன்! இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், செத்துப்போகும். அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணம் கலந்தால் உயிருள்ள சாம்பல் கிடைக்கும். நீர்வண்ணம் காய்ந்தால் வெளிறும். நிழலை, வேண்டியதைவிடச் சற்று அழுத்தமாகவே பூசுங்கள். மின்கம்பிகளைக் கடைசியில், உலர்ந்த தாளில், ஒரே இழுப்பில்.